பாக்கிஸ் சிரிக்கவில்லை

அன்பு மகள் பாத்திஸ்தினாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம், முதலில் இதைப் படித்து மூச்சு விட்டுக்கொள். அந்த பெல்ஜியக் குளிரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

உன் அண்ணன் பாக்கிஸின் வாய் உனக்குத் தெரியாததா. பாதிரியாரைக்கூட விட்டுவைக்க மாட்டான், குத்தலாக ஒன்றைச் சொல்லிவிட்டு உதட்டைக் கோணி ஓர் இளிப்பு வேறு. போன செவ்வாய்க்கிழமை ஓடைப் பக்கம் ஆடு மேய்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தான். கிடாவின் கால் நொண்டல் ஏன் இன்னும் தீரவில்லை என்று உன் அப்பா கேட்டார். இவன் பதில் சொல்லாமல் பல் தெரிய இளித்துக்கொண்டு அவரையே பார்த்தான். "பெத்த அப்பனைப் பாத்தாடா இளிக்கிற?" என்று ரொட்டியைப் போட்டுவிட்டு அவர் வெளியே போய்விட்டார். எனக்கும் கோபம்தான், தட்டை எடுக்கப் போனேன். கிட்டே போய்ப் பார்த்தால் வாய் மட்டும்தான் சிரிக்கிறது, கண் என்னைக் கூப்பிடுகிறது. தாடையைத் தொட்டேன், கல் மாதிரி இருந்தது. அப்படியே நாற்காலியோடு சரிந்து கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் போட்ட கூச்சலில் உன் அப்பாதான் முதலில் ஓடிவந்தார்.

பக்கத்து வீட்டு எஃபீஸியோவின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், வழி முழுக்க அந்த இளிப்பு மாறவே இல்லை. அவன் சட்டைப்பையில் கடித்த கிழங்கு ஒன்று இருந்தது, அதைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. காட்டு செலரி என்று நினைத்து ஓடைக்கரை விஷக்கிழங்கைத் தின்றிருக்கிறான். "இது முகத்த இழுத்துப் பிடிச்சிடும்மா. சாகிறவங்ககூட சிரிக்கிற மாதிரியே கிடப்பாங்க" என்றாள். குத்திப் பேசுகிறவனின் கசந்த சிரிப்பை சர்தோனிகோ என்கிறோமே, அது நம் சார்தீனியத் தீவின் பெயரிலிருந்து வந்ததாம், இந்தச் செடியைத் தின்று செத்தவர்களின் இளிப்புக்கு அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் வைத்த பெயர் என்று சொல்வார்களாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இவனைத் திட்டின வார்த்தை அது. அதற்குள் சாவு இருப்பது எனக்கு எப்படித் தெரியும்.

பயப்படாதே, வலிப்பு நின்று வீட்டுக்கு வந்துவிட்டான். கட்டிலருகே உட்கார்ந்து உன் அப்பா மன்னிப்புக் கேட்டார். "சாகிறப்பகூட நான் கேலி பண்றேன்னுதானேப்பா நினைச்சே" என்றான் அவன். கேலியா நிஜமா என்று தெரியாமல் அவர் அழுதுவிட்டார். நேற்று எஃபீஸியோவை ஏதோ சொல்லிவிட்டு இவன் சிரித்த சத்தம் கேட்டது, பிசைந்த மாவோடு ஓடிப்போய் அவன் கண்ணைப் பார்த்தேன். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தாம்மா சிரிக்கிறேன்" என்றான்.

மாதா உன்னைக் காக்கட்டும். அங்கே எது பச்சையாக முளைத்திருந்தாலும் பறித்து வாயில் வைக்காதே. உடனே பதில் போடு, உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம்.

இப்படிக்கு,
உன் அம்மா கிராத்சியா