ஒண்ணும் இல்ல லா

கைப்பைக்குள் தைலம் கசிந்துவிட்டது. மூடியைச் சரியாகத் திருகவில்லை போல. கைக்குட்டை, சீப்பு, வீட்டுச் சாவி என்று எல்லாவற்றிலும் அந்த வாசனை. இன்று காலை பையைத் திறந்ததும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. தைலம் வைத்துக்கொண்டு திரிகிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். நம் நால்வரில் அது உன் வாசனை. கிழவி வாசனை என்று உன்னைக் கேலி செய்தவளே நான்தான். இப்போது அது என் பையில் ஏன் வந்தது என்று கேட்பாய். சொல்கிறேன்.

சில வாரங்களாக எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மென்று விழுங்கினால் தொண்டையைத் தாண்டிப் போகிறது. பிறகு நெஞ்சுக்குள் ஓரிடத்தில் நிற்கிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் இறங்குகிறது. முதலில் சப்பாத்தியில் ஆரம்பித்தது, பிறகு கோழியில், இப்போது சோற்றிலும் வருகிறது. வீட்டுக்காரரிடம் காஸ்ட்ரிக் என்றேன். அவர் மருந்துக்கடைக்குப் போய் வெள்ளை மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்து மேசையில் வைத்தார். நம் ஊரில் காஸ்ட்ரிக் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தலை சுற்றினாலும் காஸ்ட்ரிக், நெஞ்சு வலித்தாலும் காஸ்ட்ரிக். தைலம் தேய், ஏப்பம் விடு, வேலையைப் பார். இந்த வசதியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீ.

எனக்குப் பயமாக இருக்கிறது. வலியைப் பார்த்து இல்லை, வலி அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. நான் செய்வதெல்லாம் நீ செய்ததாகவே இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் பயம்.

பிரிக்பீல்ட்ஸ் காப்புறுதி அலுவலகத்தில் நாம் நால்வருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. நீ, நான், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் அப்பாவின் துணிக்கடையை விட்டுவிட்டு வேலைக்கு வந்த ஹமீதா, எப்போதும் பசியோடே இருக்கும் மேரி. பிறகு ஆளுக்கொரு பக்கம் வேலை மாறினோம், ஆனால் மாதம் ஒரு தரம் சேர்ந்து வெளியே சாப்பிடுவதை மட்டும் விடவில்லை. இடம் தேர்ந்தெடுப்பது உன் வேலை. வாழையிலைக் கடைக்குப் போகலாமே என்று நான் சொன்னால் உனக்குக் கோபம் வந்துவிடும். "வாழையிலைக்கு உன் வீட்டுக்காரரோட போ. என்கூட வந்தா கிளாஸா வரணும்" என்பாய். பூசாத செங்கல் சுவர், தொங்குகிற மஞ்சள் விளக்கு, பெரிய தட்டின் நடுவில் மட்டும் கொஞ்சம் சாப்பாடு. அந்த மாதிரி இடத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, முள்கரண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, நண்டைக் கையால் உடைத்துச் சாப்பிடுவாய். பக்கத்து மேசையில் யாராவது வெறித்துப் பார்த்தால் அவர்களுக்கும் எப்படி உடைப்பது என்று சொல்லிக் கொடுப்பாய். மேரி வெட்கப்பட்டு மெனுவால் முகத்தை மூடிக்கொள்வாள்.

எதை வாங்கினாலும் நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துக்கொள்வதுதான் நம் வழக்கம். ஹலாலா என்று ஹமீதா ஒருமுறை கேட்டு முடித்ததும், உன் தட்டு என் தட்டு என்ற பேச்சே கிடையாது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நடுவில் வைத்துச் சாப்பிடும்போது யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. சாப்பிட முடியாத ஒருத்திக்கு ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் வேறு இல்லை.

கடைசி வருஷத்தில் நீ தே தாரிக் டீயை விட்டுவிட்டு ஆயேர் சுவாம் கேட்க ஆரம்பித்தாய். வெறும் வெதுவெதுப்பான தண்ணீர், அதுவும் இரண்டு மூன்று கிளாஸ். "இவ்ளோ அழகான கிளாஸ்ல வெந்நியா?" என்று மேரி சிரித்தாள். "டயட் லா" என்றாய். யாருக்காக இந்த டயட் என்று நான் கேட்டதற்குக் கண்ணடித்தாய். மீனின் நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைப்பாய். நண்டுக்கால் மேரிக்கு, இறால் ஹமீதாவுக்கு. சூப்பை மட்டும் உன் பக்கம் இழுத்துக்கொள்வாய். வயசாக வயசாக உனக்குப் பாசம் கூடிப்போய்விட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

கிள்ளானில் ஒரு மாலை. பழைய கடைவீடு ஒன்றைப் புதுப்பித்து, மாடியில் பச்சைச் செடிகளுக்கு நடுவே மேசை போட்டிருந்தார்கள். என் ஊர் என்பதால் அன்றைக்கு மட்டும் நான் அழைத்துப் போன இடம். ரொட்டித் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு உன் மாமியார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவள், பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாய். கண் அகலமாயிற்று. எழுந்து வேகமாகப் போனாய். திரும்பி வந்தபோது உதட்டுச்சாயம் புதிதாக இருந்தது, உன் மேல் தைலம் மணத்தது.

"என்ன ஆச்சு?" என்று மேரி கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல லா. காத்து."

மாமியார் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாய். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தத் தீபாவளிக்கு உன் வீட்டில் பலகாரம் செய்யவில்லை. உணவுக்குழாயில் கட்டி என்று அதற்குள் சொல்லிவிட்டார்கள். வயிற்றில் குழாய் போட்டு அதன் வழியாகப் பால் ஊற்றினார்கள். ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைத் திட்டினேன். நோயாளியைத் திட்டக்கூடாது என்று நர்ஸ் வந்து சொல்லுகிற அளவுக்குத் திட்டினேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்: "மேசையில உக்காந்தாலே பயம்டி. எது எறங்கும், எது நிக்கும்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நீங்க மூணு பேரும் சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க. கெடுக்க மனசு வரல." எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. எங்கள் சிரிப்பு என்ன அவ்வளவு விலை உயர்ந்ததா? உன்னிடம் யார் கேட்டார்கள் அதைக் காப்பாற்றச் சொல்லி?

போன சனிக்கிழமை ஹமீதாவின் முறை. நீ போன பிறகு இடம் தேர்ந்தெடுப்பதை நாங்கள் முறை வைத்துச் செய்கிறோம். பிரிக்பீல்ட்ஸில் பழைய ரயில்வே வீடுகள் இருக்கும் பக்கம் புதிதாக ஒன்று திறந்திருக்கிறார்கள். உயரமான கூரை, பித்தளை விளக்கு, சிமெண்டுத் தரை. கதவைத் திறந்ததும் எலுமிச்சைப் புல் வாசனை. உனக்கு ரொம்பப் பிடித்திருக்கும். எனக்கோ உள்ளே நுழையும்போதே கால் பின்வாங்கியது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்த வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். ரொட்டி வேண்டாம். இறைச்சி வேண்டாம். சூப் இருந்தால் சூப், இல்லாவிட்டால் குழைவாக ஏதாவது. வராமலே இருந்திருக்கலாம். வராவிட்டால் ஏன் என்று கேட்பார்களே, அந்தப் பயத்தில் வந்தேன்.

மெனுவைப் பிரித்ததும் கண் ருசியானதைத் தேடவில்லை, இறங்குவதைத் தேடியது. குடிக்க என்ன வேண்டும் என்று பரிமாறும் பெண் கேட்டாள். "ஆயேர் சுவாம்" என்றேன், யோசிக்காமல். மேரி மெனுவில் மூழ்கியிருந்தாள். ஹமீதா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவள் துணிக்கடையில் வளர்ந்தவள், விரித்து வெளிச்சத்தில் பார்க்காமல் எந்தத் துணியையும் மடித்து வைக்க மாட்டாள்.

ஆட்டிறைச்சி வந்தது, சின்னச் சின்ன அப்பம் வந்தது, மீன் வந்தது. நான் பூசணி சூப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஆட்டிறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து மேரியின் தட்டில் வைத்தேன். மீனின் நடுத்துண்டையும் வைத்தேன். "இன்னிக்கி என்ன, எல்லாம் எனக்கே வருது?" என்று மேரி சந்தோஷப்பட்டாள். ஹமீதாவின் பார்வை என் தட்டிலேயே இருந்தது. சந்தேகம் வரக்கூடாது என்று இறைச்சியில் நகக்கண் அளவு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். மாவாகும் வரை மென்றேன். விழுங்கினேன்.

நின்றுவிட்டது.

தண்ணீர் குடித்தேன். தண்ணீரும் அதன் மேலேயே நின்றது. மூச்சு வந்தது, ஆனால் எச்சில்கூட இறங்கவில்லை. வாய்க்குள் ஊறிக்கொண்டே இருந்தது. காதுக்குள் என் நெஞ்சு அடிப்பது கேட்டது. மேரி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள், அவள் உதடு அசைவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இதுதான் அது, எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். கை கைப்பையை எடுத்தது. எழுந்தேன்.

ஹமீதா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்க போற?"

நான் கழிவறைப் பக்கம் கையைக் காட்டினேன்.

"உக்காரு."

தலையை ஆட்டினேன். வாயைத் திறக்க முடியாது.

"இப்படித்தான் அவளும் எந்திரிச்சுப் போனா" என்றாள். "உக்காரு சொல்றேன். இங்கயே துப்பு."

மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை உதறி என் முன்னால் விரித்தாள். அவ்வளவு அழகான இடத்தில், பித்தளை விளக்குக்கு அடியில், எல்லாரும் பார்க்க நான் துப்பினேன். மறுபடி மறுபடி துப்பினேன். கடைசியில் உள்ளே இருந்தது ஏதோ ஒரு விதமாக மேலேறி வந்தது. பக்கத்து மேசையில் ஒரு தம்பதி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பரிமாறும் பெண் ஓடி வந்தாள்.

"ஆன்டி, ஓக்கேவா? சாப்பாட்ல ஏதும் ப்ராப்ளமா?"

என் வாய் தானாகத் திறந்தது. "ஒண்ணும் இல்ல லா" என்றது. உன் இழுப்பு அப்படியே இருந்தது.

மேரி முள்கரண்டியைத் தட்டில் எறிந்தாள். "ஒண்ணும் இல்லன்னு இன்னொரு தடவ சொன்ன, அறைஞ்சிருவேன்!" உணவகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாய் நிறைய அப்பம் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். அந்தப் பெண் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு கிளாஸ் ஆயேர் சுவாம் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள்.

"எத்தன நாளா?" என்று ஹமீதா கேட்டாள்.

மேலே உனக்குச் சில வாரங்கள் என்று எழுதினேன் அல்லவா? அவள் கண்ணைப் பார்த்தபோது இரண்டு மாதம் என்று வந்தது. எனக்கு நானே குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன்டி சொல்லல?"

"பயமா இருக்கு" என்றேன். முதல் தடவையாகச் சத்தமாகச் சொன்னேன். சொன்னால் பயம் போய்விடும் என்பார்கள். போகவில்லை. இருவர் முகத்திலும் அதே பயம் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான். மேரி அதற்குப் பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மேரி சாப்பாட்டை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை, அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. நீ காப்பாற்ற நினைத்த சிரிப்பு அன்றைக்கு அந்த மேசையில் சுத்தமாகக் கெட்டது. அந்த இருவரும் அதற்காக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

திங்கட்கிழமை ஹமீதாவே வந்து கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் சின்ன வயசு, பொறுமையாகக் கேட்டார். இதற்குப் பல காரணம் இருக்கலாம், சாதாரணமானதும் உண்டு, மோசமானதும் உண்டு, உள்ளே பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்றார். நாளைக்குக் காலையில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற ஸ்கோப். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். மனிதர் எழுந்தார். மேசையில் இருந்த அந்த மருந்து பாட்டிலை எடுத்துக் குப்பையில் போட்டார். பிறகு நான் கஞ்சி குடித்து முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கூட வருகிறார், நீங்கள் அலைய வேண்டாம் என்று ஹமீதாவிடம் சொன்னேன். "அவரு வண்டி பார்க் பண்ணட்டும். உள்ள நாங்க வரோம்" என்றாள். எனக்காக அவளும் நாளைக்குக் காலையில் சாப்பிடாமல் வருகிறாளாம். மேரியும் அப்படியே சொல்லியிருக்கிறாள். பார்க்கலாம்.

நாளைக்கு என்ன சொல்வார்களோ தெரியாது. உனக்குச் சொன்னதையே எனக்கும் சொல்லலாம். காலையில் மகள் பினாங்கிலிருந்து பேசினாள். அம்மா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாள். உன் வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீ என்னிடம் விட்டுவிட்டுப் போனது அதுதான், எங்கே போனாலும் கூடவே வருகிறது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டு, அவளிடம் உள்ளதைச் சொன்னேன். உடனே பஸ் ஏறுகிறேன் என்றாள்.

நீ இருந்திருந்தால் இதை எல்லாருக்கும் முன்னால் உன்னிடம்தான் சொல்லியிருப்பேன். நீயும் என்னிடம் சொல்லியிருக்கலாம்.