புதன்கிழமைக் கையெழுத்துகள்

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிரக் கடவுளிடம் கேட்க எனக்கு வேறொன்றும் மிச்சமில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "சொல்லும்மா, சொல்லும்மா" என்றபடி அந்தப் பக்கம் வேறு எதையோ தட்டிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது, அதனால்தான் கடிதம். காகிதத்தைக் கையில் பிடித்தாலாவது கடைசிவரை படிப்பாய்.

காவல் நிலையத்தின் ஓராண்டு மக்கள் பாதுகாப்புப் பணி அறிக்கையில் என் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று வரி எழுதியிருந்தாய். பெருமையாக இருக்கிறதாம், நம் ஊர் போலீஸ் அருமையாம், இனி உனக்குக் கவலையில்லையாம். அந்தப் படத்தில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கீழே "திட்டத்துக்கு நன்றி தெரிவிக்கும் மூத்த குடிமகள்" என்று போட்டிருக்கிறார்கள். நான் நன்றி சொல்லவில்லை. என்ன சொன்னேன் என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன். அதுவரை அந்தப் படத்தை ஆபீஸில் யாருக்கும் காட்டாதே.

அறிக்கை வழவழப்பான தாளில் நாற்பது பக்கம். பள்ளிக்கூடப் பெண்களுக்கு விசில் கொடுத்தார்கள், அதை அவர்கள் ஒரு மாதம் ஊதித் தள்ளியதில் நிஜமாகவே யாராவது ஊதினாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சைக்கிள்களுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கடைத்தெருவில் பன்னிரண்டு கேமரா வைத்தார்கள், ஏழு வெறும் டப்பா என்று எலக்ட்ரீஷியனே சொல்லிச் சிரிக்கிறார். இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். தனியாக இருக்கும் முதியவர்கள் வீட்டுக்குப் புதன்கிழமைதோறும் ஒரு பெண் போலீஸ் வந்து நலம் விசாரித்து, நோட்டில் "நலம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது இன்னொரு திட்டம். அதில் என் பெயரைப் பதிந்தது நீ. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அங்கே உட்கார்ந்துகொண்டு, போனிலேயே பதிந்தாய். அப்பா போன பிறகு நான்கு வருடம் நான் யார் தயவும் இல்லாமல் இருந்தவள். வாசலில் காக்கிச் சட்டை வந்து நின்று "அம்மா, நல்லாருக்கீங்களா, மாத்திரை சாப்ட்டீங்களா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று நீ யோசித்தாயா?

எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்தாவது வாரமே நோட்டைப் பிடுங்கி, ஆண்டு முழுவதற்குமான எல்லாக் கட்டங்களிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். "அப்படிலாம் போடக் கூடாதும்மா, இன்ஸ்பெக்டர் திட்டுவாரு" என்று அந்தப் பெண் கெஞ்சினாள். "திட்டினா என்கிட்ட அனுப்பு. உனக்கும் அலைச்சல் மிச்சம், எனக்கும் மானம் மிச்சம்" என்றேன். பாவம், நூற்றிருபது வீட்டுக்கு அவள் ஒருத்திதான், அதுவும் நடந்தே. தெருக் கமிட்டியில் நான்தானே முதியோர் பிரதிநிதி? நான் போட்டது தெரிந்ததும் தெருவில் மற்ற எல்லாரும் போட்டார்கள். இரண்டு வீடு தள்ளியிருக்கும் உன் டைப் அத்தை மட்டும் தயங்கினாள். கோர்ட் வாசலில் முப்பது வருடம் மனு டைப் அடித்துக் கொடுத்தவள், தேதியில்லாத காகிதத்தில் கை வைக்க மாட்டாள். "இது சரியாடி?" என்று கேட்டாள். "உனக்குப் போலீஸ்காரி வந்து தலை வாரிவிடணுமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு அவளும் போட்டாள். அதோடு எங்கள் தெருவுக்குப் போலீஸ்காரி வருவது நின்றது.

இரண்டு மாதம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வியாழன் மத்தியானம் சிலிண்டர் போட வந்தவர் முனகல் கேட்டுக் கதவை உடைத்தார். இடையில் ஒரு புதன்கிழமை இருந்தது. நோட்டில் அந்தப் புதன்கிழமைக் கட்டத்தில் "நலம்" என்று இருக்கிறது, அதற்கு நேரே அவள் கையெழுத்தும் இருக்கிறது. அன்று ஈரத் தரையில் கிடந்தவளின் கையெழுத்து.

ஆண்டு விழாவுக்கு அழைக்க இன்ஸ்பெக்டரே வந்தார். முதியோர் பிரதிநிதி என்று எனக்குக் கேடயமாம். அச்சுக்குப் போகவிருந்த அறிக்கையைக் காட்டினார், ஐம்பத்திரண்டு வாரமும் தவறாமல் எல்லா வீட்டுக்கும் போனதாக அதில் எழுதியிருந்தது. இது பொய் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. "நோட்டுல கையெழுத்து நாங்களா போட்டோம்? நீங்கதானேம்மா போட்டீங்க" என்று நான் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் பிரம்பால் அடித்துப் பழக்கிய கையெழுத்துடா அது. அதைக் கோணல் என்றுகூட யாரும் சொன்னதில்லை. விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

அதனால் மேடையில் சொன்னேன். நான் முன்கூட்டியே போட்டேன், மற்றவர்களையும் போட வைத்தேன், அதனால் ஒருத்தி இரண்டு நாள் தரையில் கிடந்தாள், இந்த எண்ணிக்கை பொய், இந்தக் கேடயம் எனக்கு வேண்டாம் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். சபை கைதட்டியது. இன்ஸ்பெக்டர் மைக்கை வாங்கி, "இப்படி மனசு விட்டுப் பேசற பெரியவங்கதான் நம்ம துறையோட பலம்" என்றார். அதற்கும் தட்டினார்கள். பிறகு டீ கொடுத்தார்கள். படம் எடுத்தவன் அறிக்கையின் பின்னட்டைக்கு வைத்துக்கொண்டான். தண்டனை என்று கிடைத்தது அந்தப் போலீஸ் பெண்ணுக்கு மட்டும். பேருந்து நிலையத்து முனையில் வெயிலில் போக்குவரத்துக்கு நிறுத்தியிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன். "வேணாம்னு அன்னிக்கே சொன்னேனேம்மா" என்றாள், வண்டிகளைப் பார்த்துக்கொண்டே. இப்போது புதன்கிழமை யார் வீட்டுக்கும் யாரும் வருவதில்லை, ஆளுக்கொரு அட்டையில் போன் நம்பர் கொடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். மேடையில் நான் சொல்லாதது ஒன்று உண்டு. அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அத்தை வீட்டு வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நல்ல வெயிலில் விளக்கு எரிந்தால் எனக்கு ஆகாது, உனக்குத் தெரியும். எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு துண்டுக் காகிதத்தில் "பகலில் விளக்கை அணைக்கவும்" என்று எழுதி, மடித்து, அவள் கதவிலிருக்கும் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். காது கேட்கும் கருவியை அன்று மாட்டிக்கொள்ளவில்லை, தெருவுக்குத்தானே போகிறோம் என்று. வியாழக்கிழமை அவளை ஆம்புலன்ஸில் ஏற்றும் சந்தடியில் முதல் வேலையாக அந்தக் காகிதத்தை எடுத்துக் கிழித்துப் போட்டேன்.

அவளுக்கு இது தெரியாது. தினமும் வார்டுக்குப் போகிறேன், கஞ்சி ஊட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன். போன வாரம், "புதன்கிழமை பெட்டி மூடி சத்தம் கேட்டுச்சுடி. யாரோ வந்துட்டாங்கன்னு தொண்டை கிழியக் கூப்பிட்டேன். தபால்காரன் போலிருக்கு, காதுல விழல" என்றாள். நான் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். தபால்காரர் நல்லவர், இப்போது அவரையும் அவள் திட்டுகிறாள்.

சனிக்கிழமை நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம். போய்ச் சொல்லப் போகிறேன். எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது என்றுதான் உனக்கு எழுதுகிறேன். "போடி வெளியே" என்றால் போய்விடுவேன். அதன் பிறகு இந்த ஊரில் என்னை வாடி போடி என்று கூப்பிட ஒருவரும் இல்லை. நீ இருப்பதோ அத்தனை தூரத்தில். உனக்குக் கவலையில்லை என்று எழுதினாயே, அது ஒன்றைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மூவருக்கும் என் ஆசிகள். பேத்தி புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிக்கிறாள் என்று மருமகள் சொன்னாள், கண் டாக்டரிடம் உடனே காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாய் அல்லவா, நன்றாக இருக்கிறாயா என்று என்னைக் கேட்காதே. அத்தை என்ன சொன்னாள் என்று கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா