வீடு வேண்டாத மாப்பிள்ளை

ஜூன் 13, வெள்ளி

ஜும்மாவுக்குப் பிறகு வீரமுனைக் கிசோக் கலிமாச் சொல்லி, இஸ்லாத்துக்கு வந்து அப்துல் ஸமட் ஆனார். என்னோடு டியூட்டரியில் கணிதம் படிப்பிக்கிறவர். பள்ளிவாசல் தலைவர் என்ற முறையில் வாப்பா கட்டியணைத்தாராம். என் மூத்தவர் ஹாதிக் நானா படம் பிடித்து முகநூலில் போட்டிருக்கிறார். வாப்பாவின் சிரிப்பைப் பார்த்தால் ஹிதாயத் என்கிற நேர்வழியை அவர்தான் மொத்த விலைக்கு எடுத்து விற்கிறார் என்று தோன்றும்.

ஜூன் 20

'ஏன் இஸ்லாத்துக்கு வந்தீங்க?' என்று எல்லோரும் அவரிடம் கேட்கிறார்கள். என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் பிறப்புச் சான்றிதழைத்தான் நீட்ட வேண்டும்.

அவரிடம் பதில் இருக்கிறது. வருடக்கணக்காக வாசித்திருக்கிறார். தன் அம்மா தன்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டதைச் சொல்லும்போது மட்டும் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 3

நானா மூலம் அப்துல் ஸமட் முறைப்படி பெண் கேட்டார். என்னை.

எதிர்பார்த்தேனா? ஓம்.

பின்வளவில் எனக்கான சீதன வீடு கூரைமட்டத்தில் நிற்கிறது.

ஆகஸ்ட் 9

காரியம் கெட்டது. வீடு வேண்டாமாம். பெண்ணுக்கு மாப்பிள்ளை கொடுக்கவேண்டிய மகர் தருவாராம், வாடகைக்கு வீடும் எடுப்பாராம். போன றமழானில் சீதனம் ஹறாம் என்று வாப்பா பள்ளிவாசலில் ஒரு மணி நேரம் பயான் செய்தார். பாவம், மனிசன் அதை நம்பிவிட்டார். பிறவி முஸ்லிம் என்றால் அது ஒலிபெருக்கிக்கு மட்டும் என்று தெரிந்திருக்கும்.

வாப்பாவின் தங்கை லைலா மாமி: "வீடு வேணாமாமா? அவனுக்கு என்ன கொறையோ!"

வாப்பா: "புள்ளைய வாடகை வீட்டுக்கு அனுப்பினவன் எண்டு ஊரே சிரிக்கும். கிசோக்குக்குச் சொல்லு, இது சரிவராது."

கிசோக்! ஜூனில் கட்டியணைத்த அப்துல் ஸமட் எங்கே போனார்?

ஆகஸ்ட் 10

கேட்டுட்டன்.

"வாப்பா, நீங்க பயான்ல சொன்னது பொய்யா?"

"வாயப் பொத்து."

"பொய்யெண்டா சொல்லுங்க, அவர வீட்ட எடுக்கச் சொல்றன். உண்மையெண்டா நான் வாடகை வீட்டுக்குப் போறன்."

அடுப்படியிலிருந்து உம்மா, "ஓம், சொல்லுங்களன்," என்றார்.

வாப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார். தொழுகை நேரமும் இல்லை.

செப்டம்பர் 2

வாப்பா சம்மதித்தார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை — எனக்கும் சில நேரம் அறிவு வேலை செய்யும்.

நவம்பர் 16

சம்மாந்துறையில் எங்கள் வாடகை வீடு. எத்தனை தரம் துடைத்தாலும் யன்னலில் அரிசி ஆலைத் தூசி.

இன்று முதன்முதலாக வாப்பா வந்தார். எங்கள் பக்கத்தில் வாப்பாமார் மகளின் வீட்டுக்கு விருந்தாளியாக வருவதில்லை. அது அவர்களே கட்டிக்கொடுத்த வீடாக இருக்கும். இவருக்கு எந்தக் கதிரையில் இருப்பது என்றே தெரியவில்லை. தேத்தண்ணியையும் நின்றபடியே குடித்தார்.

"மருமகன் எங்க?"

"வீரமுனைக்கு. அவங்கட அம்மா வரச் சொன்னாவாம்."

வாப்பா கோப்பையை யன்னலில் வைத்தார். பிறகு கதவருகே கிடந்த கதிரையில் இருந்தார்.

"அவர் வரட்டும். கண்டுட்டுப் போறன்."