பேச்சியின் டப்பா

ஜூலை 8, செவ்வாய்
பேய்க்காற்று. கண்ணெல்லாம் புழுதி. பாளை–ஏரல் பஸ்ஸில் நின்றபடியே.

மலச் சாம்பிள், பதினாறு டப்பா. எல்லாம் போன வருசம் வெளியூர் செங்கல்சூளையிலிருந்து மலேரியாவோடு திரும்பின பிள்ளைகள். வயிற்றில் புழு இருந்தால் ரத்தம் அந்தக் காய்ச்சலை மறந்து, எதிர்ப்புச் சக்தி மங்கிவிடுமா? டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. ரத்தம் அவருக்கு, மலம் எனக்கு. நான் கொடுத்துவைத்தவள்.

பேச்சி, ஏழு வயசு. டப்பாவை வாழை இலையில் சுற்றி, நார் கட்டி, கோயில் பிரசாதம் மாதிரி நீட்டினாள். "பத்திரமா கொண்டாந்தேங்க்கா." ஒழுகியது. ச்சீ.

ஜூலை 9
லேப். தலைக்கு இரண்டு ஸ்லைடு. கடைசி டப்பா பேச்சியுடையது. மூடி சரியில்லை, கையுறையெல்லாம் வழிந்தது. குமட்டல். ஸ்லைடே போடாமல் குப்பையில் எறிந்தேன். நோட்டில்: 'புழு முட்டை இல்லை.'
மூன்று தடவை சோப்பு. மதியச் சோறு, மீன்குழம்பு, பூனைக்கு.

ஜூலை 17
ஏரல். புழு இருந்த பிள்ளைகளுக்கு மாத்திரை. பட்டியலில் பேச்சி இல்லை.
அவள் அம்மா: "எம்புள்ளைக்கு இல்லியா தாயி?"
"அவளுக்குப் புழு இல்லம்மா."
அவளுக்கு முகமெல்லாம் பல்லு. பக்கத்து வீட்டுக்காரியிடம், "பாத்தியாட்டி, நான் புள்ளய எப்பிடி சுத்தமா வச்சிருக்கேன்னு!"
நான் மாத்திரை டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தேன். கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

ஜூலை 24
துணி துவைக்கவில்லை. தலைவலி.
ரத்த முடிவு வந்தது. டா.அம்மா: "புழு இல்லாத பிள்ளைகள்ல இந்தப் பேச்சி ஒருத்திக்குத்தான் மலேரியா ஞாபகமே மங்கிக் கிடக்கு. ஏன்?"
"தெரியல மேடம்."
வாய் கூசாமல் சொன்னேன். தூ.

ஜூலை 25, வெள்ளி
சாரல். ஏரல் பள்ளிக்கூடம், மாத்திரை தின்ற பிள்ளைகளைப் பார்க்க. சத்துணவு நேரம். வரிசையில் நின்ற பேச்சி இருமினாள், ஓங்கரித்தாள். வாயிலிருந்து புழு. ஒரு சாண். நெளிந்தது. பிள்ளைகள் அலறி ஓட, சமையல்காரம்மா: "ஏட்டி, அங்கன தள்ளிப் போ!"

பேச்சி அழவில்லை. அதைப் பாவாடை நுனியில் பொத்திக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.
"யக்கா, எனக்கு இல்லன்னுல்லா சொன்னிய. அப்பம் இது யாருது?"

புழுவைப் பார்த்துக் குமட்டவில்லை. என்னை நினைத்துத்தான். அங்கேயே டா.அம்மாவுக்குப் போன் போட்டேன். "பேச்சிக்கு நான் ஸ்லைடே போடல மேடம். பொய் எழுதினேன்."
பேச்சி இன்னும் பொத்தின கையோடு நின்றுகொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன், கையுறை இல்லாமல்.