கடைசியில் சொன்ன நெய் ரோஸ்ட்

கரமனை,
22 ஜூன் 2025, ஞாயிறு

அன்பு மகன் லிங்கராஜுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, சுஜா மூவரும் சுகம். மழை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, துவைத்த துணி காயவில்லை என்பதைத் தவிர வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஷார்ஜா வெயிலில் நீயும் உன் அறையில் இருக்கிற பிள்ளைகளும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். பக்கத்து வீட்டு அஜீஷ் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடலாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதைக் கடைசியில் எழுதுகிறேன், முக்கியமானதைக் கடைசியில் சொல்வதுதான் என் பழக்கம் என்று உனக்குத் தெரியுமே.

முதலில் சந்தோஷத்தை எழுதுகிறேன். உன் தங்கைக்கு ஜியாலஜி கிடைத்துவிட்டது, அதுவும் பாளையத்துக் கல்லூரியில், அதுவும் முதல் அலாட்மென்ட்டிலேயே. நீ வெள்ளிக்கிழமையே போனில் கேட்டுவிட்டாய், ஆனாலும் பேனா பிடித்து ஒருமுறை எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நாளைக்குக் காலையில் போய்ச் சேருகிறோம். இரண்டு நாளாக இந்த வீட்டில் யாரும் ஒரு இடத்தில் உட்காரவில்லை. உன் அம்மா கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு, போதவில்லை என்று மறுபடியும் கிண்டினாள். அக்கிரகாரத்து மாமி ஒருத்தி, அது என்ன படிப்பு வடிவு என்று கேட்டாளாம். கல்லு படிக்கிற படிப்பு மாமி, கவர்மெண்ட் வேலையெல்லாம் இருக்காம் என்று உன் அம்மா அடித்துவிட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம், ஏங்க, கல்லைப் படிச்சு இவ என்ன செய்யப் போறா என்று கேட்கிறாள். எனக்கு மட்டும் தெரியுமா. ஸ்கூலில் பொன்முடிக்குக் கூட்டிப் போனார்களே, அங்கே ரோடு சரிந்த இடத்தில் இரண்டு ஆபீசர்கள் மண்ணைக் குழாயில் எடுத்து அளந்ததைப் பார்த்த நாளிலிருந்து இந்தப் பிள்ளைக்கு வேறு நினைப்பு கிடையாது. அன்றைக்குக் கொண்டுவந்த ஏழு கல்லும் இன்னும் டிவி மேல்தான் இருக்கிறது, ஒன்றை நகர்த்தினாலும் சண்டைக்கு வருகிறாள்.

நீ கூப்பிட்டுச் சொல்லியிருக்காவிட்டால் இந்தச் சந்தோஷம் நமக்கு இல்லை தம்பி. நடந்ததை முழுசாக உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன், என் தப்புதானே. போன மாதம் ஆப்ஷன் பதிய வேண்டிய நேரத்தில் சுஜாவுக்குக் கண்வலி. கண் இரண்டும் சிவந்து வீங்கி, வெளிச்சத்தையே பார்க்க முடியாமல் படுத்திருந்தாள். எனக்கு அன்றைக்கு லீவு. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று ஒன்பதையும் அவள் படுத்தபடியே வரிசையாகச் சொன்னாள், நான் ஹோட்டல் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு அக்ஷயா இ-சேவை சென்டருக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் உட்காருகிற சிஜி பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, இதே ஆர்டர் மதியா அண்ணா, போதுமா என்று கேட்டாள். நான் கொஞ்சம் யோசித்தேன். ஜியாலஜியைப் போய் மேலே வைத்திருக்கிறாளே பிள்ளை, அனுபவம் இல்லை என்று நினைத்தேன். இந்த ஆர்டர் வேண்டாம், அப்படியே திருப்பிப் போடு என்றேன். ஒறப்பாணோ அண்ணா, நிச்சயம்தானா என்று அவள் இரண்டாம் தடவையும் கேட்டாள். நான் இருபத்தாறு வருஷமா லிஸ்ட் சொல்லிட்டு இருக்கேன் சிஜி, எனக்குத் தெரியாதா என்றேன். பின்னால் கூட்டம் நின்றதால் அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

என் கணக்கு உனக்குப் புரியும். சாப்பிட வந்தவர் என்ன இருக்கு என்று கேட்டால் நாங்கள் இட்லி, வடை, பூரி, சாதா தோசை என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போய், எது போக வேண்டுமோ அதைக் கடைசியில் நிறுத்திச் சொல்வோம். நெய் ரோஸ்ட் என்று கடைசியில் சொன்னால் பத்துப் பேரில் எட்டுப் பேர் நெய் ரோஸ்ட்தான் கேட்பார்கள். கடைசியில் கேட்டதுதான் காதில் நிற்கும். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பசியோடு வருகிறவனுக்கு இது சரி. கம்ப்யூட்டருக்கும் சரி என்று நான் நினைத்துவிட்டேன். பிரிண்ட் எடுத்துவந்ததும் உன் அம்மா வழக்கம்போல் அதைச் சாமி படத்துக்கு முன்னால் கவிழ்த்து வைத்து, செம்பருத்திப் பூவைப் போட்டு மூடிவிட்டாள். ரிசல்ட் வரும்வரை அதை யாரும் எடுக்கவோ படிக்கவோ கூடாது என்பது அவள் சட்டம். சுஜாவுக்குக் கண் சரியான பிறகும் அந்தப் பேப்பரை யாரும் தொடவில்லை.

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, யாருக்கு எது கிடைக்கும் என்று முன்கூட்டிக் காட்டுகிற ட்ரயல் அலாட்மென்ட் வந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது, நான் வேலைக்குப் போய்விட்டேன். வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் காமர்ஸ், ஒன்றாம் ஆப்ஷன் என்று சுஜாவுக்குக் காட்டியிருக்கிறது. ஒன்றாம் ஆப்ஷன் கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே இருக்கிற எல்லாம் தானாக அழிந்துவிடுமாம், அப்புறம் ஜியாலஜியைக் கனவில்தான் பார்க்க வேண்டும். நான் வருத்தப்படுவேன் என்று என்னிடம் மூச்சு விடவில்லை, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். மறுநாள் உனக்குத்தான் மெசேஜ் அனுப்பினாளாம், நீயும் ஷிப்ட் முடிந்த உடனே கூப்பிட்டாயாம். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் மாத்தலாம், ஒம்பதாவதைத் தூக்கி மேல வை, ஒண்ணாவதைக் கடைசிக்குக் கொண்டு போ, அப்பாட்ட கோபப்படாத என்று சொன்னாயாம். பிள்ளை மாற்றப் போனால் என் நம்பருக்குத்தான் ஓடிபி வருகிறது. என் போனோ, சாப்பாட்டு நேரத்தில் எங்கள் எல்லாருடைய போனையும் போல, கேஷியர் தாணுமாலையன் அண்ணாச்சியின் மேசை டிராயருக்குள் கிடக்கிறது.

குடை கூட எடுக்காமல் பஸ் ஏறி வந்து நின்றாள் தம்பி. மணி மூன்றரை. நான் ஒரு கையில் சாம்பார் வாளியோடு நிற்கிறேன், இவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அப்பா ஓடிபி என்கிறாள். எனக்கு முதலில் ஒன்றுமே விளங்கவில்லை. விளங்கினதும் நான் என்ன செய்தேன் தெரியுமா, அந்த அவசரத்திலும் அவளோடு வாதாடினேன், கடைசியில் சொல்வதுதானே நிற்கும் என்று. அப்பா, அது கஸ்டமர் இல்ல, கம்ப்யூட்டர், முதல்ல எழுதினதத்தான் அது ஆத்யம் நோக்கும் என்றாள். கை கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு அவள் தன் போனில் ஒவ்வொன்றாக மாற்றுகிறாள், அண்ணாச்சி என் போனை எடுத்து ஓடிபியை ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படிக்கிறார், நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, முதல் ஓடிபி காலாவதி ஆகி இரண்டாவது வந்தது. நாலாம் நம்பர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு எழுந்து வந்து, மோளே, சேவ் கொடுத்தியா, சேவ் கொடு என்கிறார். நாலு மணி ஐந்து நிமிஷத்துக்குச் சேவ் ஆனது. அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், நான் வாளியைக் கீழே வைக்கவே மறந்துபோயிருந்தேன். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை ரிசல்ட் வருகிற வரைக்கும் நான் ஆர்டர் தப்பாமல் ஒரு மேசைக்குக் கூடக் கொடுக்கவில்லை. முதலாளி திட்டவில்லை, ரிசல்ட் வந்ததும் சுஜாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து நெய் ரோஸ்ட் போடச் சொன்னார்.

இனி நான் கடைசிக்கு வைத்தது. நேற்று மதியம் சேருவதற்கான சர்டிபிகேட் எடுக்க உன் அம்மா பரணில் இருந்த பழைய சூட்கேஸை இறக்கினாள். அதில் உன் பைல் இருந்தது. திறந்தேன். முதலில் கிடந்தது உன் ஆப்ஷன் பேப்பர், ஏழு வருஷத்துக்கு முந்தினது, பூ ஒட்டின கறை கூட அப்படியே இருந்தது. நீ அப்போது கோயில் கொடைத் திருவிழா வேலைக்காக முன்னாடியே ஊருக்குப் போயிருந்தாய், நீ சொன்ன பெயர்களை எழுதிக்கொண்டு போய் இதே நான்தான் பதிந்தேன், பதிந்த கையோடு நானும் அம்மாவும் சுஜாவும் கொடைக்கு வந்துவிட்டோம், ட்ரயல் வந்தது போனது யாருக்கும் தெரியாது. முதலாவது காமர்ஸ். எட்டாவது, கடைசியில், பிஸிக்ஸ். அன்றைக்கும் நான் திருப்பித்தான் போட்டிருக்கிறேன். சரி, மார்க்கும் பற்றாமல்தானே இருந்தது, எப்படி வைத்தாலும் கிடைத்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த பேப்பரை எடுத்தேன். அதில் பென்சிலில் உன் கையெழுத்து. அந்த வருஷம் பிஸிக்ஸில் கடைசியாகச் சேர்ந்த பிள்ளையின் மார்க்கை எழுதி, கீழே உன் மார்க்கை எழுதி, கழித்துப் பார்த்திருக்கிறாய். உனக்குப் பதினொன்று அதிகம்.

நீ அன்றைக்கே தெரிந்துகொண்டுவிட்டாய். தெரிந்துகொண்டு என்னிடம் வந்து, மார்க்கு கொஞ்சம் கொறஞ்சு போச்சுப்பா என்று சொன்னாய். நானும் அதை நம்பி இத்தனை வருஷமும் உன்னைக் குத்திக்கொண்டே இருந்தேன். இன்னும் கொஞ்சம் படித்திருந்தால் என்று உன்னை ஏர்போர்ட்டில் விடும்போது கூடச் சொன்னேன். ஊரில் எல்லாரிடமும் சொன்னேன், அண்ணாச்சியிடம் சொன்னேன், உன் முன்னாலேயே வைத்துச் சொன்னேன், நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாய். தும்பாவிலிருந்து சின்ன ராக்கெட் விடுகிறார்கள் என்றால் மொட்டை மாடிக்கு ஓடுகிற பிள்ளை நீ, இன்றைக்கு யாருடைய கடைக்கோ வந்த சரக்கை எண்ணிக்கொண்டிருக்கிறாய். அது நல்ல வேலைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீ கேட்டது அது இல்லை. அந்தப் புதன்கிழமை சுஜாவுக்கு எதை எங்கே தூக்கி வைக்க வேண்டும் என்று நீ ஒரே மூச்சில் சொன்னபோது, இவனுக்கு இது எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. இப்போது தெரிகிறது.

தம்பி, தப்பு என்னுடையது. உன் மார்க்குக் குறையவில்லை. நேற்று சாயங்காலம் வேலைக்குப் போனதும் முதலில் அண்ணாச்சியிடம் இதைச் சொல்லிவிட்டேன், ஊரில் யார் யாரிடம் மாற்றிச் சொன்னேனோ அவர்களிடமும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா நேற்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை, பேசாததும் நியாயம்தான். என்னை மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. போன் செய்யும்போது அதெல்லாம் பழைய கதை விடுங்கப்பா என்று மட்டும் சொல்லாதே. கோபம் இருந்தால் கோபமாகவே பேசு, நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். உன் பேப்பரை எடுத்து மறுபடியும் சாமி படத்துக்கு முன்னால்தான் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கவிழ்த்து வைக்கவில்லை, பூவும் போடவில்லை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அஜீஷிடம் நேந்திரங்காய் சிப்ஸ், மாங்காய் ஊறுகாய், அம்மா இடித்த சாம்பார் பொடி கொடுத்துவிடுகிறோம். ஊறுகாயை ஈரக் கரண்டியால் எடுக்காதே. வெயிலில் நிற்கிற வேலை வந்தால் தொப்பி போட்டுக்கொள். சுஜா நாளைக்கு உன் பழைய வாட்சைக் கட்டிக்கொண்டுதான் சேரப் போகிறாளாம், ஸ்ட்ராப் மட்டும் மாற்றி வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் போட்டோவை முதலில் உனக்குத்தான் அனுப்புவாள், கூப்பிடு. உனக்கு எங்கள் எல்லாருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு, எண்ணியது எல்லாம் கைகூடி நீ நல்லா இருக்க வேண்டும்.

ஓணத்துக்கு லீவு கிடைக்கும் என்றாய், மறக்காமல் டிக்கெட் போடு. தம்பானூரில் இறங்கினதும் நேரே நம் ஹோட்டலுக்கு வா. உன் மேசைக்கு நானேதான் வருவேன். லிஸ்ட் எதுவும் சொல்ல மாட்டேன். உனக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வ. வன்னியராஜ்