மேற்பார்வையாளர் வேலைக்கு என் பதில்

என்னங்க,

நேற்று கூடத்தில் உங்கள் அண்ணன் சோபாவில், அத்தை கட்டிலில், நீங்கள் ஜன்னலோரம். நான் நின்றேன். நாற்காலி காலியாக இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. நாம் இருவரும் வேலை பார்க்கும் மில்லில் எனக்கு வந்திருக்கும் மேற்பார்வையாளர் வேலை வேண்டாம் என்று நீங்களே முடிவு கட்டினீர்கள். “பொண்டாட்டி கையெழுத்துப் போட்டாதான் இனி உனக்கு லீவாடா?” என்றார் அண்ணன். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்துவிடுங்கள்.

பி.கு.: தலைமை அலுவலகக் கடிதத்தில் உங்களை வேறு ஷிப்டில் போடச் சொல்லி ஒரு வரி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். லீவு கேட்டால் தருவேன், பயப்படாதீங்க.

இன்னொன்று: மில்லில் ஷிப்ட் முடிந்து நான் வர இருட்டிவிடும். உள்தாழ்ப்பாள் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

தலைமை அலுவலகத்துக்குச் சம்மதம் என்று எழுதி உறையை ஒட்டியாயிற்று. பஸ் ஏறும் முன் தபாலில் போட்டுவிடுவேன்.