பாசிட்டிவ் என்று சொன்னார்கள்

என் வீட்டுக்காரருக்கு அன்புடன் எழுதுவது,

உங்கள் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உட்கார்ந்து பதில் எழுதத்தான் தெம்பில்லை. பிள்ளைகள் சுகம். பெரியவள் ஒருவழியாகக் கணக்கில் தேறிவிட்டாள். சின்னவளுக்கு முன்பல் விழுந்ததில் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு இயந்திரம் படுத்துவிட்டது. ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போகிறது. இந்த நேரத்தில்தான் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் பெரிய டாக்டரம்மா எங்களைத் தேடி வந்தார். நோயாளிக்குப் புரியும்படி பேச மாணவர்களைப் பழக்கவேண்டுமாம்; நோயாளியாக நடிக்க, அதிகம் படிக்காத ஒருவர் வேண்டுமாம். எங்கள் மேற்பார்வையாளர் என்னைக் காட்டி, "இவங்களுக்கு ஒத்திகையே வேண்டாம் டாக்டர், முகத்தைப் பாத்தாலே போதும்" என்றார். ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்காரலாமே என்று நானும் போனேன்.

நெட்டையான ஒரு மாணவரின் முறை வந்தது. நின்றபடியே, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, "அம்மா, உங்க பயாப்சி பாசிட்டிவ். ஸ்டேஜிங் பண்ணிட்டு ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கணும். புரியுதா?" என்றார். புரிகிறது என்று தலையாட்டினேன்.

அவர் என்ன சொன்னார், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா கேட்டார். "பாசிட்டிவாம். நல்லபடியா வந்திருக்கு, பயமில்லைன்னு சொல்றாரு" என்றேன். பின்வரிசையில் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தப்பு அவங்க மேல இல்ல. புரியுதான்னு கேட்டா யாரு புரியலைன்னு சொல்லுவா? அந்த வார்த்தை இல்லாம திரும்பச் சொல்லு" என்று அவரிடம் சொன்னார்.

அந்தப் பிள்ளைக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. முக்காலியை இழுத்துப் போட்டு எனக்கெதிரே உட்கார்ந்தார். "அம்மா, உங்க மார்புக் கட்டியில ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்தோம்ல, அதுல புற்றுநோய் இருக்கு. பாசிட்டிவ்னா நோய் இருக்குன்னு அர்த்தம்" என்று மெதுவாகச் சொன்னார்.

நான்கு மாதத்துக்கு முன்பு எனக்கும் அதே ஊசிதான் போட்டார்கள். கூட்ட நெரிசலில் ஒரு டாக்டர் நிமிராமலே பாசிட்டிவ் என்று சொல்லி, வேறொரு பிரிவுக்குச் சீட்டு எழுதித் தந்தார். நல்ல சேதி என்று உங்களுக்கு எழுதினேனே, அது அதுதான். நன்றாகத்தானே இருக்கிறது, வேலையை விட்டு எதற்கு அலையவேண்டும் என்று அந்தச் சீட்டை அலமாரியில் வைத்துவிட்டேன்.

என் கை தானாக மார்புக்குப் போனதைப் பார்த்து, "இது நடிப்புதாம்மா" என்று அவர் பதறினார். "எனக்கு நிஜமாவே அப்படித்தான் சொன்னாங்க தம்பி" என்றேன். டாக்டரம்மா வகுப்பை அப்படியே நிறுத்திவிட்டு என்னைக் கையோடு அழைத்துப்போய் என் கோப்பைத் தேடி எடுக்கச் சொன்னார்.

இரண்டு நாளாகப் படம் எடுப்பதும் ரத்தம் எடுப்பதுமாக இருந்தேன். அக்குள் வரைக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது. முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டு, அப்புறம் அறுவை செய்வார்களாம். முடி கொட்டும், மறுபடி முளைக்கும் என்றார்கள். முன்பே வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், இப்போதும் கைமீறிப் போகவில்லை என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

நடந்ததை அடுத்த வகுப்பில் சொல்லலாமா என்று கேட்டார். நானே வந்து சொல்கிறேன் என்றேன். எனக்கு யார் மேலும் கோபமில்லை. கோபப்படக்கூடத் தெம்பு வேண்டுமே.

வருகிற செவ்வாயன்று முதல் மருந்து. உங்கள் அக்கா வந்து பிள்ளைகளோடு இருக்கிறேன் என்றிருக்கிறார். பெரியவளிடம் சொல்லிவிட்டேன், சின்னவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அங்கே குளிர் அதிகம் என்கிறீர்கள், மார்பை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள். எத்தனையோ கடிதங்களில், இங்கே எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அலைந்து வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் அதை எழுதவில்லை.

நீங்கள் நன்றாயிருக்க வேண்டும்.

உங்கள் மனைவி